பாட்டியின் முகத்தை எதற்குப் போட்டீர்கள்?

போன ஞாயிறு எங்கள் சபையின் இணையப் பக்கத்தில் வந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான பழைய லயத்துப் பாட்டி, கையில் அரிசிப் பை, பின்னால் பேனர், சுற்றிலும் ஒரே நிறச் சட்டை. முதலில் பையை வாங்கும்போது பாட்டி தலையைக் குனிந்துகொண்டார். உடனே பையைத் திரும்ப வாங்கி, "இங்க பாருங்க பாட்டி" என்று சொல்லி இன்னொரு தடவை கொடுத்தார்கள். நான் அங்கேதான் நின்றேன். வயிறு எரிந்தது.

கொடுத்தது தப்பென்று நான் சொல்லவில்லை. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்ட வேலையிலேயே தேய்ந்துபோன முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொடுங்கள், நிறையக் கொடுங்கள். பாட்டியின் முகத்தை எதற்குப் போட்டீர்கள்?

"காணிக்கை போட்டவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?" என்பார்கள். காட்டுங்கள். ரசீது இருக்கிறது, ஆண்டுக் கூட்டம் இருக்கிறது. எந்தக் கணக்காளர் பாட்டியின் முகத்தைக் கேட்டார்?

அடுத்து மத்தேயு 5:16-ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள். உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கட்டும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே என்பார்கள். சரி, சொன்னார். அதே மலைப்பிரசங்கத்தில் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமே, மனுஷர் காணவேண்டுமென்று தர்மம் செய்யாதீர்கள் என்கிறது. இரண்டையும் சொன்னவர் ஒருவர்தான். முதலாவதில், பார்க்கிறவர்கள் பரலோகப் பிதாவை மகிமைப்படுத்த வேண்டும். நம் படத்துக்குக் கீழே என்ன வந்திருக்கிறது? "வாழ்த்துகள் அண்ணா", "சூப்பர் டீம்". பிதாவை யார் மகிமைப்படுத்தினார்கள்? தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் பற்றி அந்த அதிகாரம் ஒரே எச்சரிப்பைத்தான் சொல்கிறது: பிறர் பார்க்கச் செய்தவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது. லைக் வந்தது, பலன் தீர்ந்தது. எனக்கு இந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் பயம் வரும்.

எங்கள் அப்பா கால் முறிந்து படுத்திருந்த காலத்தில் அம்மா ஒருவர்தான் ரப்பர் பால் வெட்டப் போனார். தோட்டத்துக் கடையில் கடன் ஏறிக்கொண்டே போயிற்று. ஆனாலும் எங்கள் பள்ளி பஸ் காசு மட்டும் எப்படியோ கட்டப்பட்டது. பஸ்காரர் இரக்கப்பட்டு விட்டுவிட்டார் என்றே அம்மா நினைத்திருந்தார். பல வருடம் கழித்து அந்த பஸ்காரர்தான் உண்மையைச் சொன்னார். எங்கள் சபையின் கடைசி பெஞ்சில் உட்காரும் ஓர் அத்தை கொடுத்துவந்தாராம். அவரும் பால் வெட்டுகிறவர்தான், எங்களைவிட வசதி ஒன்றும் இல்லை. அதற்குள் அத்தை இறந்துவிட்டார். ஒரு நாள்கூட எங்கள் முகத்தைப் பார்த்து அவர் அதைக் காட்டிக்கொண்டதில்லை. அதனால்தான் நாங்களும் தலை நிமிர்ந்து கோயிலுக்குள் நுழைந்தோம். அந்தப் பாட்டி இனி எப்படி நுழைவார்?

"நீ என்ன கொடுத்தாய்?" என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டார். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நானும் அந்த பேனருக்கு முன்னால் போய் நிற்கிறேன் என்றுதான் அர்த்தம். கேட்டவர் என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்தவர் என்பதுதான் வலிக்கிறது.

"சபை விஷயத்தை வெளியே பேசலாமா?" பாட்டியின் வறுமையை வெளியே போட்டது யார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தாலும் பரவாயில்லை. அந்த அரிசிக்குப் பெரிய தொகை கொடுத்தவர் செம்பனை, அதாவது பாமாயில் மரத் தோட்டக் காண்டிராக்ட் எடுக்கிறவர். அவரிடம் குலை வெட்டும் ஆட்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. இது முன்வரிசையில் உட்காருகிற எல்லோருக்கும் தெரியும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று 2025-இல் சட்டமே வந்துவிட்டது. வயலை அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. அந்தக் கூக்குரல் கர்த்தரின் காதுக்கே போகிறதாம். நம் மைக் சத்தத்தில் நமக்குக் கேட்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி, மேடைக்கு அழைத்து, சால்வை போட்டோம். கைதட்டினவர்களில் நம் மூப்பர்களும் இருந்தார்கள்.

படத்தை எடுத்துவிடச் சொல்லி சபை வாட்சாப் குழுவில் கேட்டேன். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. அதனால் இங்கே கேட்கிறேன். படத்தை இன்றைக்கே எடுங்கள். இரண்டு பேர் மட்டும் பாட்டி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டு. அப்புறம் அந்தச் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிடும்படி நம் போதகர் அவரிடம் நேரில் போய்ச் சொல்லட்டும்.