தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த புண்ணியவானே!

"நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? அதெல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு."

எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அதுவும், எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கிற அந்தச் சின்ன வால்வைப் பற்றி, எஞ்சினை வடிவமைத்தவனுக்கே தெரியாத ரகசியம் தனக்கு மட்டும் தெரிந்துவிட்ட தோரணையில். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொதிக்கிறது. வண்டியும் சேர்ந்து கொதிக்கிறது.

செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்ரோல் கார் வாங்கினோம். வீட்டில் நாங்கள் நான்கு பேர், அம்மாவோடு ஐந்து. சேலத்துக்குள் ஓட்ட, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்வர, எப்போதாவது ஏற்காடு. அவ்வளவுதான் ஆசை. விற்ற கடையில் நூற்றுச் சொச்சம் இடங்களைச் சோதித்ததாக ஒரு தாள் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் பச்சை டிக். கூலிங் சிஸ்டத்துக்கும் பச்சை டிக். அந்த டிக்கைப் போட்ட மகராசன் பானெட்டையாவது திறந்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

கொஞ்ச நாளிலேயே டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டிக் கம்ப்யூட்டரிடம் பழுதைக் கேட்டறிய இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சொருகி, போனில் பார்த்தேன். பி0128 என்று ஒரு பழுதுக் குறியீட்டைக் காட்டியது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவமான கூலன்ட், ஏற வேண்டிய சூட்டுக்கு ஏறவில்லை என்று அர்த்தம். எனக்கு வயிறு எரிந்தது அதனால் அல்ல. அதே ஸ்கேனரில், கடைசியாகப் பழுதுக் குறியீட்டை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றும் பார்க்கலாம். வண்டி எங்கள் கைக்கு வந்த பிறகு ஓடிய தூரமும் அதுவும் ஏறக்குறைய ஒன்று! அதாவது, சாவியை என் கையில் கொடுப்பதற்குச் சற்று முன்னால்தான் யாரோ அந்த விளக்கை அணைத்திருக்கிறார்கள். பழுதைச் சரிசெய்யவில்லை, விளக்கை மட்டும் அணைத்திருக்கிறார்கள்.

கடைக்காரரிடம் கேட்டால், "வாரன்டி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தான் சார், கூலன்ட் அயிட்டம் வராது." கூலன்ட் என்ன காருக்கு வெளியிலா ஓடுகிறது? பழைய வண்டி விற்கிறவர்கள் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான், பேப்பர் வேலை ஒழுங்காக நடக்கும். பானெட்டுக்குள் செய்த தில்லுமுல்லை எந்தப் பேப்பர் பிடிக்கும்?

சரி, அந்தத் தெர்மோஸ்டாட் என்னதான் செய்கிறது? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியே இருக்கும். கூலன்ட் எஞ்சினுக்குள் மட்டும் சுற்றி, சீக்கிரம் சூடேறும். 82 முதல் 88 டிகிரி வாக்கில் திறந்து, கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும். வெளியே மே மாத வெயில் 40 டிகிரி அடித்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான் ஐயா! அதற்குத் தேவை 90 டிகிரி. தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி நெடுஞ்சாலையில் காற்று பட்டால் அந்தச் சூட்டுக்கே வராது. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போச்சு. ஆயிலில் கலக்கிற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் அதிலேயே தங்கும். ஆயிலும் போச்சு. ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற ஒரு சாமானை மிச்சம் பிடித்ததற்கு இத்தனை!

இதில் கொடுமை என்னவென்றால், சமவெளியில் சூடே ஏறாத அதே வண்டி ஏற்காடு மலையில் கொதித்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, சூடு காட்டும் முள் சிவப்பை நெருங்கிவிட்டது. ஏசியை அணைத்துவிட்டு, எஞ்சின் சூட்டைக் கொஞ்சமாவது இழுக்கட்டும் என்று ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். ஆபத்துக்கு அது உதவும், உண்மைதான். ஆனால் கோடை விடுமுறையில் காசு செலவழித்துக் குளிர் தேடிப் போன குடும்பம், ஜன்னலைத் திறந்துபோட்டு ஹீட்டர் காற்றில் வெந்துகொண்டு மலையேறியதை நினைத்துப் பாருங்கள். அம்மா எதுவும் சொல்லவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்புறம் ஆரம்பித்தது மெக்கானிக் யாத்திரை. ஒருவர் வாட்டர் பம்ப் என்றார், மாற்றினோம், பயனில்லை. இன்னொருவர் சென்சார் என்றார். அதையும் மாற்றியாயிற்று. மூன்றாமவர் வண்டியின் சத்தத்தைக் கேட்டே, "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், எஞ்சினை இறக்கணும்" என்று தீர்ப்பெழுதினார். எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற தகடு அது. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, பார்க்கவில்லை. ரேடியேட்டரில் குமிழி வருகிறதா, பார்க்கவில்லை. பிரஷர் டெஸ்ட் செய்யலாமே என்றதற்கு, "அதெல்லாம் தேவையில்ல சார், என் அனுபவத்துல சொல்றேன்" என்கிறார். உங்கள் அனுபவத்துக்கு என் பர்ஸ்தான் கிடைத்ததா? ஊகம் தப்பினாலும் சாமானுக்கு நான்தான் காசு கொடுக்க வேண்டும், லேபரும் நான்தான். தப்பாகச் சொன்னவருக்கு ஒரு ரூபாய் நஷ்டம் உண்டா?

கடைசியில் ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு பெரியவர்தான் கண்டுபிடித்தார். வண்டி ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்து, விரலைவிட்டுத் துழாவினார். காவி நிறத்தில் சேறு. "போர் தண்ணி ஊத்தியிருக்காங்க தம்பி." எங்கள் ஏரியா போர் தண்ணீரைப் பாத்திரத்தில் காய்ச்சினாலே அடியில் வெள்ளையாகப் படியும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அது என்ன பாடு படுத்தியிருக்கும்! பாதிக் குழாய்கள் அடைத்துக் கிடந்தன. மூடியின் ரப்பரும் இறுகிப்போய் அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. மூடி சரியாக இருந்தால் கூலன்ட் 120 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் தாங்கும், பிடிக்காவிட்டால் அதற்கு முன்பே பொங்கிவிடும். அப்புறம் ஹோஸைக் கழற்றி உள்ளே பார்த்தால், தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி.

இன்னொன்றும் காட்டினார். சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓடியது. நான் அதுவரை ஏசிக்கு ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். ஃபேனைத் தேவைப்படும்போது மட்டும் ஓட்டுகிற ரிலே என்ற சுவிட்சைத் தாண்டி ஒயரை டைரக்டாகக் கொடுத்திருக்கிறார்கள், மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி. ஆக, வண்டி முதலில் சூடானபோதே ஒருவன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருக்கிறான். அதற்கும் அடங்காததால் அடுத்தவன் ஃபேனை டைரக்ட் செய்திருக்கிறான். தெர்மோஸ்டாட் இல்லாமல் எரிந்த விளக்கை வேறொருவன் அழித்திருக்கிறான். அதற்கு மேல் பச்சை டிக் போட்டு என்னிடம் விற்றிருக்கிறார்கள். இத்தனை பேர் கைபட்டும் அடைத்துக்கொண்ட ரேடியேட்டரை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை! வீட்டில் நாறுகிறது என்றால் ஊதுபத்தியாகக் கொளுத்திக்கொண்டே இருப்பார்களா, செத்த எலியை எடுத்து வெளியே போடுவார்களா?

ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், ரிலே எல்லாம் புதிது. சிஸ்டத்தைக் கழுவி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். முள் இப்போது நடுவில் நிற்கிறது, மைலேஜும் ஏறியிருக்கிறது. பழைய வாட்டர் பம்ப்பில் கோளாறே இல்லையாம், அந்தக் காசு காந்திக் கணக்கு.

போன வாரம் வாட்டர் வாஷுக்கு விட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பானெட் திறந்திருக்கிறது. வாஷ் பண்ணுகிற பையன் கையில் ஹோஸ் பைப். ரோஸ் நிறக் கூலன்ட் இருந்த டப்பா கழுத்துவரை நிரம்பி வெளுத்துப் போயிருக்கிறது.

"தண்ணி கொஞ்சம் கம்மியா இருந்துச்சுண்ணே, ஊத்திட்டேன். அதுக்குக் காசு வேணாம்."