போஸ்டரில் அருவாள், படத்தில் அமைதி: இது ஆகாது

மதுரையில் கேமராவை இறக்கினாலே ஓர் அருவாள் வந்து ஃபிரேமில் நின்றுகொள்கிறது. திருப்பாச்சேத்தி பக்கத்தில் இருக்கிற தோஷமோ என்னவோ. இப்போது நம்ம ஊர்ப் பசங்க சிலர் 'பழிவாங்குற கதைதான், ஆனா வெட்டுக்குத்து கிடையாது' என்று கதை சொல்கிறார்கள். சந்தோஷம். ஆனால் பல ஸ்கிரிப்டில் நடப்பது என்னவென்றால், முக்கால்வாசி வரைக்கும் வழக்கமான படம், க்ளைமாக்ஸில் மட்டும் சண்டையை உருவிவிடுகிறார்கள். காசு கொடுத்து வந்தவனுக்கு வயிறு எரியாதா?

'மகேஷிண்டே பிரதிகாரம்' (2016) என்கிற மலையாளப் படம் இதை எப்படிச் சமாளித்தது என்று பாருங்கள். நடுத்தெருவில் அடிவாங்கிய போட்டோ ஸ்டுடியோக்காரன், திருப்பி அடிக்கும்வரை செருப்புப் போடமாட்டேன் என்கிறான். அவ்வளவுதான் சபதம். அதன் பிறகு அதை ஞாபகப்படுத்த ஃப்ளாஷ்பேக் தேவையில்லை, பல்லைக் கடிக்கிற வசனம் தேவையில்லை. வெறுங்காலோடு அவன் நடக்கிற ஒவ்வொரு காட்சியிலும் பாக்கி தானாக நிற்கிறது. அந்த தைரியத்தில்தான் எழுத்தாளர் ஷ்யாம் புஷ்கரன் காதல், அப்பா, போட்டோ எடுக்கும் தொழில் என்று சாவகாசமாகச் சுற்றிவருகிறார். போதாததற்கு அடித்தவனின் தங்கச்சி மேலேயே இவனுக்குக் காதல். கடைசியில் சண்டையும் உண்டு. யாரும் பறக்கவில்லை, கட்டிப் புரண்டு மூச்சு வாங்குகிறார்கள். கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அதற்குள் நமக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. தேசிய விருதில் சிறந்த திரைக்கதைக்குக் கொடுத்தது சும்மா இல்லை.

அதன் தமிழ் வடிவம் 'நிமிர்' (2018). அதில் அப்பாவாக வந்தவர் நம்ம இளையான்குடி டைரக்டர் மகேந்திரன். இதே வேலையை 1979-லேயே 'உதிரிப்பூக்க'ளில் இன்னும் கொடூரமாகச் செய்து காட்டியவர். ஊரே திரண்டு கொடுமைக்கார சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்கிறது. படம் முழுக்க அவன் சாகட்டும் என்று காத்திருந்தவர்கள்தானே நாம்? இத்தனை நாள் நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன் என்கிற பொருளில் பேசிவிட்டு அவன் போகிறான். கரையில் பிள்ளைகள். பழி தீர்ந்த திருப்தி ஒருத்தருக்கும் இல்லை, தியேட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சேர்த்து.

இனி வேலைக்கு வருவோம். சண்டையை விநாடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓட்டாதீர்கள். வேகம் பாதியானதும் ஓங்கிய கை ஹீரோவின் கையாகிவிடும், விசில் பறக்கும், அமைதிப் படம் அங்கேயே முடிந்தது. ஒவ்வொரு லொகேஷனிலும் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி ஒரு நிமிஷம் அந்த இடத்தின் சத்தத்தைப் பதிவு பண்ணுங்கள். வசனம் இல்லாத இடத்தில் டிராக்கை வெறுமனே விட்டால் அது மௌனமாகக் கேட்காது, ஸ்பீக்கர் போச்சு என்று ஆபரேட்டரைத்தான் திட்டுவார்கள்.

அடுத்தது யாரும் யோசிக்காத ஒன்று. மிக்ஸிங் ஸ்டுடியோவில் சினிமா சவுண்ட் பிராசஸரின் வால்யூம் எண்ணை 7-ல் வைத்துக் கேட்பார்கள், அதுதான் கணக்கு. மாஸ் படங்களின் இரைச்சலுக்குப் பயந்து பல தியேட்டர்களில் அதை 5-க்கு இறக்கியே வைத்திருப்பார்கள். கிட்டத்தட்ட ஏழு டெசிபல் போய்விடும். மாஸ் படம் தாங்கும். உங்கள் ஹீரோ அம்மாவிடம் முணுமுணுக்கிற வசனம் ஏசி சத்தத்தில் காணாமல் போகும். ஆகவே ஃபைனல் மிக்ஸை 5-லும் ஒருதடவை ஓட்டிக் கேளுங்கள், புரியாத வசனத்தை மட்டும் தூக்குங்கள்.

இடைவேளையை சபதத்தில் வைக்காதீர்கள். முறுக்கோடு உள்ளே வருகிறவன் இரண்டாம் பாதி முழுக்க அடிதடியைத்தான் எதிர்பார்ப்பான். எதிராளியின் வீட்டைக் காட்டுகிற காட்சிக்குப் பிறகு விடுங்கள், அவன் வேறு மனசோடு டீ குடிக்கப் போவான்.

டிரெய்லர், போஸ்டர் இரண்டும் விநியோகஸ்தர் கைக்குப் போனதும் அருவாள் திரும்பவும் முளைக்கும். 'மதுரைப் படம், அருவா இல்லாட்டி எவன் வருவான்' என்பார்கள். சம்மதித்தீர்கள் என்றால், முதல் ஷோவுக்கு வந்தவன் இடைவேளையிலேயே 'மொக்கை' என்று ஸ்டேட்டஸ் போடுவான். அவன்மேல் தப்பே சொல்ல முடியாது.