பிள்ளை தீர்ப்புச் சொல்ல வருவதில்லை

"இங்கிலாந்தில் குடும்பச் சமரசத்தின்போது பிள்ளையிடம் 'அம்மாவா, அப்பாவா?' என்று கேட்டு, அது சொன்னதையெல்லாம் பெற்றோரிடம் ஒப்பித்துவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பச் சமரசம் என்பது, பிரியும் பெற்றோர் நடுநிலையான சமரசர் ஒருவரின் உதவியோடு பேசி முடிவெடுப்பது. நீங்கள் எழுதிய இரண்டுமே தவறு. இதை நம்பி யாரேனும் தம் பிள்ளைக்குச் சமரசரிடம் பேசும் வாய்ப்பை மறுத்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளுக்குப் பேச வாய்ப்பளிக்க வேண்டும் என்பது பொது நெறி. கட்டாயம் இல்லை, பெற்றோர் இருவரும் சம்மதிக்க வேண்டும், பிள்ளையும் விரும்ப வேண்டும். இதற்கெனத் தனிப் பயிற்சி பெற்ற சமரசர்தான் சந்திப்பார். யாரையும் தேர்ந்தெடுக்கும்படி அவர் கேட்கமாட்டார்.

முக்கியமானது அதன் பிறகுதான். "அம்மா அப்பாவிடம் எதைச் சொல்லட்டும், எதை விட்டுவிடட்டும்?" என்று பிள்ளையிடமே கேட்டு, அது அனுமதித்ததை மட்டுமே கொண்டுசெல்வார். 'என்னை அழைத்துப்போக வரும்போது வாசலில் சண்டை போடாதீர்கள்', 'சனிக்கிழமைக் கால்பந்துப் பயிற்சி நின்றுவிடக் கூடாது' என்பதுபோல அது எளிய செய்தியாக இருக்கலாம். ஒன்றுமே சொல்ல வேண்டாம் என்றாலும் சரிதான். பிள்ளைக்கோ பிறருக்கோ ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் இந்த இரகசியக் காப்புப் பொருந்தாது. அந்தச் செய்தியைக் கேட்டு முடிவெடுப்பவர்கள் பெற்றோர்தான், பிள்ளை அல்ல.