நீஸ் நகரின் அசல் சீசனே குளிர்காலம்தான்
பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் நீஸ் நகருக்குக் குளிர்காலத்தில் போவது வீண் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. அந்த ஊர் வளர்ந்ததே குளிர்காலத்தால்தான். 19ஆம் நூற்றாண்டில் குளிருக்குத் தப்பி அங்கே வந்து தங்கிய ஆங்கிலேயர்களின் பெயரில்தான் கடற்கரைச் சாலையே இருக்கிறது. 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் 'குளிர்கால ஓய்வு நகரம்' என்றுதான். நாங்கள் ஜனவரியில் போனோம். பகலில் 13 டிகிரி, ஒரு ஸ்வெட்டர் போதும். கடலில் குளிக்க முடியாது, சரி. ஆனால் ஆளில்லாத கரையில் அலை பின்வாங்கும்போது கூழாங்கற்கள் உருண்டு எழுப்பும் அந்தக் கலகல சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம், பழைய நகரச் சந்துகளில் கொண்டைக்கடலை மாவில் அடைபோல் சுடும் சொக்கா! ஓரம் கருகி, மேலே மிளகு தூவி, காகிதத்தில் சுடச்சுடத் தருவார்கள். அதைக் குளிரில் நின்றுதான் சாப்பிட வேண்டும். ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், அதனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.