ரெண்டு கையிலும் மாவுக்கட்டு

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம். போலீஸ் பிடித்துப்போன ஒரு பையன், இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு. கீழே, "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாராம்". வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று ஊரிலிருந்து மாமா.

நான் தாராவியில் வளர்ந்தவன். சித்தப்பா விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் போவார். 1998இல் அவர் வாடிக்கையாக இட்லி கொடுக்கும் ஒரு வீட்டில் நாலு பவுன் சங்கிலி காணோம். இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு கீறல் கிடையாது. செருப்புக்குள் கால்தான் நுழையவில்லை. அடியெல்லாம் உள்ளங்காலில்.

"நான்தான் எடுத்தேன், ஒரு சேட்டுகிட்ட வித்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். எந்த சேட், எந்தக் கடை என்று யாரும் கேட்கவில்லை. சங்கிலி வந்தால் போதும். அப்பா கடன் வாங்கினார், சித்தியின் தாலிக்கொடியை அழித்தார்கள், புதுச் சங்கிலி போனது. தீபாவளிக்கு அந்த வீட்டை ஒழித்தபோது மெத்தை உறைக்குள் பழைய சங்கிலி கிடைத்ததாம். நம்முடையதை வாட்ச்மேன் கையில் கொடுத்தனுப்பினார்கள், பேப்பரில் சுற்றி.

போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரனே தன் போலீஸை நம்பவில்லை. ஆனால் 27ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு: சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்குச் செல்லும். அடி பெரும்பாலும் இந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது என்பேன். 2024 ஜூலையில் சட்டத்தின் பெயர் மாறியது, ஓட்டை அப்படியே இருக்கிறது.

"சங்கிலி வேற, குண்டு வேற" என்பார்கள். சரி, குண்டையே எடுத்துக்கொள்வோம். 2006 ஜூலை 11 சாயங்காலம், மேற்கு ரயில்வே லோக்கல்களில் சுமார் 11 நிமிடத்துக்குள் ஏழு குண்டுகள். ஒன்று எங்கள் பக்கத்து மாட்டுங்கா ரோடு அருகே. 180 பேருக்கு மேல் செத்தார்கள். கும்பலாகச் செய்யும் குற்றங்களுக்கென்று மகாராஷ்டிரா வைத்திருக்கும் மோக்கா சட்டத்தில் போலீஸ் உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே செல்லும். 2015இல் 12 பேருக்குத் தண்டனை, அதில் ஐந்து பேருக்குத் தூக்கு. 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. வாக்குமூலங்களை நம்ப முடியாது என்றது, சித்திரவதைப் புகாரையும் தள்ளிவிடவில்லை. அரசு உச்ச நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றம் சொன்னதுதான் சரி என்றால், 19 வருஷம் வேறு யாரையோ பிடித்து வைத்திருந்தோம், குண்டு வைத்தவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அன்று ரயிலில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு இதில் என்ன நியாயம் கிடைத்தது?

குண்டு இன்னும் வெடிக்கவில்லை, ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, அப்போதும் அடிக்கக் கூடாதா என்று மாமா கேட்டார். அடித்தால் அவன் வாய்க்கு வந்த ஒரு ஸ்டேஷன் பெயரை, போரிவலி என்பான். சித்தப்பா சேட் என்று சொன்ன மாதிரி. நாம் அந்த ஒரு மணி நேரமும் போரிவலியைக் குடைந்துகொண்டிருப்போம்.

சித்தப்பாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். படத்தைப் பார்த்துவிட்டார், ஒன்றும் எழுதவில்லை. ராத்திரி போன் பண்ணினேன். ஊர்க்கதை, முட்டி வலி, அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஏலே, அந்தப் பயலுக்கு ரெண்டு கையிலயும் கட்டுலா போட்டிருக்கு. எப்படிலே சாப்பிடுவான்?" என்றார்.