றெக்கை இருந்தால் போதுமா?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர் இட்டேரியில் ரோடு போட ஜேசிபி இறங்கி, இரண்டு பக்கக் கிளுவை வேலியையும் ஒரே காலையில் வழித்துப் போட்டதும், அதற்குப் பாட்டுச் சேர்த்து "இனி நம்மூருக்கும் விடிவு காலம்" என்று எழுதியதும். அதன் கீழே நான் எழுதியது மூன்றே வரி. ஒரு பக்க வேலியையாவது விட்டிருக்கலாமே, எத்தனை பூச்சிகள் அதை நம்பிப் பிழைத்தன என்று கேட்டிருந்தேன். வந்த பதில்களைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் எழுதியதற்கு மட்டும் நூற்றுக்கு மேல் சிரிப்பு விழுந்திருக்கிறது. "பூச்சிக்கு றெக்கை இருக்குது அம்மிணி, வேற பக்கம் பறந்து போயிக்கும். நீ கவலப்படாம டவுன்ல இரு."

சரிங்க அண்ணா. றெக்கையைப் பற்றியே பேசலாம்.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம். இட்டேரி என்றால் அப்படி இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே மாடும் வண்டியும் போக விட்ட தடம். காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர்ப் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டு உயிர்வேலி வளர்ப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கும். வேலிக்குள் கிளுவை மட்டும் இருப்பதில்லை. ஆவாரை, சங்கஞ்செடி, ஆதொண்டை, பிரண்டை, கோவை, தூதுவளை, வேலிப்பருத்தி, எருக்கு என்று ஒன்றின் மேல் ஒன்று படர்ந்து கிடக்கும். ஒரு காட்டின் வேலி அடுத்த காட்டின் வேலியைத் தொடும், அது இட்டேரியைத் தொடும், இட்டேரி பள்ளத்தில் போய் முடியும். நடுவில் எவ்வளவு உழுதாலும், எத்தனை சைட் போட்டாலும், ஓரமாக ஒரு நூல் அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த நூலைத்தான் அன்றைக்குக் காலையில் வழித்துப் போட்டார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஒரு செடியும் அதை நம்பிய பூச்சியும் அழிவதற்கு வெகு முன்பே, அவை இரண்டுக்கும் இருந்த உறவு அழிந்துவிடும். செடி இருக்கும். பூச்சியும் எங்கேயோ இருக்கும். நடுவில் வழி இருக்காது. டேனியல் ஜான்சென் என்ற சூழலியலாளர் 1974லேயே இதை எழுதிவிட்டார், நான் கண்டுபிடித்ததில்லை.

கத்தரியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தில் அம்மா இருபது வருஷமாகப் போடுகிற கத்தரி. அதன் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் வெளியே தூவிக் கிடக்காது. மஞ்சள் குழல்களுக்குள் அடைத்து, நுனியில் சின்னத் துளை மட்டும் விட்டிருக்கும், பல்பொடி டப்பா மூடியில் இருக்கிற துளை மாதிரி. கவிழ்த்து உதறினால்தான் கொட்டும். அப்படி உதறத் தெரிந்தவை சில தேனீக்கள் மட்டுமே. நாம் கருவண்டு என்கிறோமே, அது வண்டில்லை, தனித்து வாழும் பெரிய தேனீ. அப்புறம் வயிற்றில் நீலப் பட்டை போட்ட சின்னத் தேனீ ஒன்று. இவை பூவைக் கவ்விப் பிடித்து உடம்பை அதிர வைக்கும். பக்கத்தில் நின்றால் ரீங்காரம் மாறுவது காதில் கேட்கும். காற்றடித்தாலும் கத்தரி கொஞ்சம் காய்க்கத்தான் செய்யும். ஆனால் இவை வந்து உதறிய பூவில் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும்.

இப்போது வேலிக்கு வாருங்கள். தூதுவளைப் பூவும் அதே பல்பொடி டப்பாதான், கத்தரிக்குப் பங்காளி. ஆவாரம்பூவும் அதே மாதிரி நுனித் துளை. அம்மாவின் கத்தரி பூத்து நிற்பது வருஷத்தில் சில மாதம். மீதி மாதமெல்லாம் அந்தத் தேனீக்களுக்குச் சோறு போட்டது யார்? சித்திரை வெயிலில் காடே காய்ந்து கிடக்கும்போதும் வேலியில் ஆவாரையும் எருக்கும் பூத்து நிற்கும். வேலி வளர்த்த தேனீதான் கத்தரிக்கு வேலைக்கு வந்தது. கூலி கேட்காமல் வந்தது. மூலனூர்ப் பக்கம் முருங்கை வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முருங்கைப் பூவில் மகரந்தம் மாற்றுவதில் பெரும்பங்கு இந்தக் கருவண்டுக்குத்தான்.

"பறந்து போயிக்கும்." எங்கே போகும் அண்ணா? கருவண்டு தூரமாகப் பறக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது முட்டையிடுவது காய்ந்த மரத்தைக் குடைந்து. வேலியில் நின்ற பட்ட வெள்வேலக் கிளைகளில்தான் அதன் பொந்துகளை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கிளைகள் அன்றைக்கு டிராக்டரில் விறகாகப் போயின. கொசுத்தேனீக்கோ கூட்டை விட்டுச் சில நூறு மீட்டர்தான் எல்லை. சங்கஞ்செடியில் முட்டையிடும் இளஞ்சிவப்புப் பட்டாம்பூச்சி பறந்துபோய்த் தென்னைமரத்தில் முட்டையிடாது. அதன் புழுவுக்குத் தென்னை ஓலை தின்னத் தெரியாது.

பறந்து வருபவை வேறு சில இருக்கின்றன. அதைத்தான் விவசாயம் பார்க்கிற அண்ணன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஜெர்மனியில் க்ரூஸ், சார்ன்ட்கே என்ற இருவர், பழைய புல்வெளியிலிருந்து வெவ்வேறு தூரத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தீவனப்பயிர் வளர்த்துப் பார்த்தார்கள். அதிகபட்ச தூரம் அரைக் கிலோமீட்டர்தான். 1994ல் வெளியிட்டார்கள். பயிரைத் தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை தூரத்துத் துண்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. அந்தப் பூச்சிகளின் உடம்பில் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் குட்டிக் குளவிகளில்தான் சில வகைகளைத் தவிர மற்றவை வந்து சேரவில்லை. துண்டாக்கினால் முதலில் அடிபடுவது நமக்கு உதவி செய்கிற கூட்டம். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி பறந்து வந்துவிடும். அதன் எதிரி வராது. அப்புறம் வாரம் தவறாமல் மருந்தடித்துவிட்டு, கத்தரி கட்டுபடியாகவில்லை என்று அழுவோம்.

ஒரு உறவு அறுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டியதுமில்லை. 2008ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்ததே, மறந்துவிட்டதா? மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. இங்கே வந்தபோது அதன் எதிரி அதோடு சேர்ந்து வரவில்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு சுருண்டன. எங்கள் மல்பெரியை அப்பா தீ வைத்துக் கொளுத்தியதை நான் கண்ணால் பார்த்தேன், பட்டுப்புழு வளர்ப்பு அதோடு எங்கள் வீட்டில் முடிந்தது. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட, கொசுவைவிடச் சின்னக் குளவி ஒன்றுதான் அடக்கியது. கடல் தாண்டி ஒரு குளவியை வரவழைத்த ஊர் இது. தன் வேலியில் இலவசமாக இருந்த குளவிகளை ஜேசிபி விட்டு வழித்துவிட்டு விசிலடிக்கிறது.

"தேனீப் பெட்டி வெச்சாப் போவுது" என்று இன்னொருவர். பெட்டித் தேனீக்குக் கத்தரிப் பூவை உதறத் தெரியாது. மேலே எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

"வேலிக்குள்ள பாம்பு இருக்குது." இருக்கிறது. எலியும் இருக்கிறது.

"ரோட்டோரம் ஐம்பது மரக்கன்று வைக்கிறோம்." வையுங்கள், சந்தோஷம். ஆனால் இரும்புக் கூண்டுக்குள் இருபதடிக்கு ஒன்றாக நிற்கும் மரம் வேலி ஆகாது. அடியில் படரும் கொடி இல்லை, முள் இல்லை, பட்ட கிளை இல்லை. நூல் அறுந்தது அறுந்ததுதான்.

அடுத்த கேள்வி எனக்கு நிஜமாகவே வலித்தது. "உங்க வீட்ல யாருக்காவது நெஞ்சு வலி வந்து ஆம்புலன்ஸ் வரலீனாத் தெரியும்." எழுதியவருக்குத் தெரியாமலா இருக்கும்? என் அப்பாவை நெஞ்சு வலியோடு கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தது அந்த இட்டேரி வழியாகத்தான். மழைச் சேற்றில் கட்டிலின் முன்காலைப் பிடித்து வந்தவர்களில் நானும் ஒருத்தி. ரோடு வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? ஒரு பக்கத்தை மட்டும் எடுத்திருந்தாலும் ஆம்புலன்ஸ் போகும், டிராக்டர் போகும், பள்ளிக்கூட வேனும் போகும். அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என் அப்பாரு, அதாவது தாத்தா, வேலி கழிக்கும்போதுகூட இந்த வருஷம் ஒரு பக்கம், அடுத்த வருஷம் மறுபக்கம் என்றுதான் கழிப்பார். "ரெண்டு பக்கமும் ஒண்ணா வெட்டுனா அதுக எங்க போகும் அம்மிணி?" என்பார். எது எது என்று நான் கேட்டதில்லை. அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. பதினேழு வருஷம் படித்துவிட்டு நான் சொன்னதும் அவர் சொன்னதைத்தான்.

அமெரிக்காவில் இல்லினாய் என்ற மாநிலத்தில் ஒரு ஊர். அங்கே 1800களின் இறுதியில் சார்லஸ் ராபர்ட்சன் என்பவர் எந்தப் பூவுக்கு எந்தத் தேனீ வருகிறது என்று உட்கார்ந்து குறித்து வைத்தார். ஏறக்குறைய 120 வருஷம் கழித்து, காடெல்லாம் வயலாகித் துண்டு துண்டான பிறகு, அதே செடிகளை மறுபடி பார்த்தார்கள். முடிவு 2013ல் வந்தது. தேனீ வகைகளில் பாதி அந்த இடத்தில் இல்லை. பழைய உறவுகளில் மிஞ்சியது 24 சதவீதம். புதிதாகவும் பல உறவுகள் உண்டாகியிருந்தன, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கவனியுங்கள், போன உறவுகள் எல்லாம் தேனீ அழிந்ததால் மட்டும் போகவில்லை. செடியும் தேனீயும் உயிரோடு இருந்தும், ஒரே இடத்தில் ஒரே காலத்தில் சந்திக்க முடியாததாலும் போயிருக்கின்றன. செடி இருந்தது, தேனீ இருந்தது, வழி இல்லை. அங்கே குறித்து வைக்க ஒருவராவது இருந்தார். எங்கள் இட்டேரியில் எந்தப் பூவுக்கு எது வந்தது என்று யார் குறித்து வைத்தார்கள்? என்ன போயிற்று என்றுகூட நமக்குத் தெரியப்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கல்யாணமாகிப் போனவளுக்கு ஊர் ரோட்டைப் பத்தி என்ன பேச்சு." இதை எழுதியவர் யார் என்று சொல்ல மாட்டேன், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்தான். பொங்கலை ஒட்டி வருகிற பூப்பறிக்கிற நோம்பிக்கு அந்த இட்டேரியில்தான் நாங்கள் ஆவாரம்பூப் பறிக்கப் போவோம். கூடை நிறைய மஞ்சளோடு பாடிக்கொண்டு திரும்பி வருவோம். அப்போது யாரும் எங்களைப் பார்த்து, நீங்கள் நாளைக்குக் கட்டிக்கொண்டு போகப்போகிறவர்கள், பூவைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. இந்த மார்கழிக் கடைசியில் காப்புக் கட்ட அம்மா ஆவாரம்பூவைச் சந்தையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். நான் எந்த ஊரில் குடியிருந்தால் என்ன, எனக்கு வலிக்காதா?

மாகாளியம்மன் கோயில் முக்கில் நாற்பதடி வேலி இன்னும் நிற்கிறது. அடுத்த வாரம் அதையும் எடுக்கப்போவதாகச் சொல்கிறார்கள். அங்கே தடம் ஏற்கெனவே அகலம், எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மனுவோடு ஊராட்சி அலுவலகத்தில் இருப்பேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் வாருங்கள். எங்கள் தோட்டத்துத் தென்பக்கம் மறுபடி வேலி வைக்க அம்மா சம்மதித்துவிட்டார், அதற்குக் கிளுவைப் போத்தும் தேவைப்படுகிறது. வேலி கழிக்கிறவர்கள் எரிக்காமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வண்டி எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.