குறுக்குவழி எல்லாம் சரி, ஏழாம் வாய்ப்பாடு எங்கே?

97ஐ 96ஆல் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்ட இரண்டாவது விநாடியில் 9312 என்று சொல்கிற பிள்ளைகள் ரங்கூனில் நம் தமிழ்க் குடும்பங்களிலேயே இப்போது நிறைய இருக்கிறார்கள். சனி ஞாயிறு மனக்கணக்கு வகுப்பு, வருஷத்துக்கு ஒரு போட்டி, மேடை, கோப்பை, முகநூலில் படம். சந்தோஷம்தான், நானும் லைக் போடுகிறேன். ஆனால் அதே பிள்ளையிடம் 47ஐ 6ஆல் பெருக்கச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் காகிதம் தேடுகிறார்கள். ஆறேழு எவ்வளவு என்பதே தடுமாறுகிறது. விடுமுறை நாட்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன், பார்த்துப் பார்த்து எரிச்சலாகி இந்தப் பதிவு.

குறுக்குவழியே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் கொடுத்தால் அது இன்னொரு மனப்பாடம், அவ்வளவுதான். அந்த 97, 96 கணக்கையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் என்ன சொல்கிறார்கள்? நூறுக்கு 97 மூன்று குறைவு, 96 நான்கு குறைவு. 97இல் நான்கைக் கழித்தால் 93. மூன்றையும் நான்கையும் பெருக்கினால் 12. பக்கத்தில் பக்கத்தில் எழுது, 9312. பிள்ளை வாயைப் பிளக்கிறது, அம்மாவும் வாயைப் பிளக்கிறார். ஏன் இப்படி வருகிறது என்று கேட்டால் ‘அது அப்படித்தான்’. அடுத்து வருவது ‘வேத கணிதம்’ என்ற பெருமை. அந்தச் சூத்திரங்கள் 1965இல், எழுதிய பூரி சங்கராச்சாரியார் காலமான பிறகு, அச்சான ஒரு புத்தகத்தில் இருப்பவை. வேதத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று இன்றுவரை யாரும் எடுத்துக்காட்டவில்லை. அது போகட்டும், கணக்குக்கு வருவோம்.

காரணம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. 96 என்பது நூறில் நான்கு குறைவு. அப்படியானால் 97ஐ நூறால் பெருக்கி, நான்கு 97ஐக் கழித்தால் போதும். 9700. நான்கு 97 என்பது நானூறுக்கு 12 குறைவு. 9700இல் நானூறு போனால் 9300, அதிகமாகக் கழித்துவிட்ட 12ஐத் திருப்பிக் கொடு, 9312. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு 98ஐ 7ஆல் பெருக்குவதும் வரும், 199ஐ 5ஆல் பெருக்குவதும் வரும். புரியாத பிள்ளை அந்த முறையை 47, 62 என்ற கணக்கிலும் போய் மாட்டும்; குறைவு 53, 38, இப்போது அந்த இரண்டையும் பெருக்கு என்று உட்கார்ந்திருக்கும். விடை சரியாகத்தான் வரும், 2914, ஆனால் முதலில் கேட்ட கணக்கைவிடச் சுலபமாக ஒன்றும் கிடைக்கவில்லையே!

11ஆல் பெருக்கும் வித்தை இதைவிட மோசம். 23க்கு நடுவில் இரண்டையும் மூன்றையும் கூட்டி வை, 253. அழகு. அடுத்து 78 கொடுத்தால் ஏழும் எட்டும் 15, நடுவில் வைத்து 7158 என்று முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லாமல் சொல்கிறார்கள். பத்து 78 என்பது 780, கூட ஒரு 78 சேர்ந்தால் 858, இது எப்படி ஏழாயிரத்தைத் தாண்டும் என்ற கேள்வி எழவே இல்லை. எனக்கு வேகத்தைவிட அந்தக் கேள்விதான் பெரிசு. அதனால் நான் முதலில் கேட்பது விடையை இல்லை. ‘சுமாரா எவ்வளவு இருக்கும்? நூறா, ஆயிரமா, பத்தாயிரமா?’ அதைச் சொன்ன பிறகுதான் கணக்கு.

இத்தனைக்கும் இந்த நாட்டில் வாழ்கிறவர்களுக்கு மனக்கணக்கு புதுசா? 1985 நவம்பரில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள், 75 கியாட் நோட்டு வந்தது. அடுத்த வருஷம் 15, 35. 1987 செப்டம்பரில் 25, 35, 75 மூன்றையும் ஒரே அடியாகச் செல்லாமல் ஆக்கி, மாற்றியும் கொடுக்காமல், அதே மாதம் 45 கியாட், 90 கியாட் என்று நோட்டு விட்டார்கள். இரண்டும் ஒன்பதால் வகுபடும்; அப்போது பர்மாவை ஆண்ட நே வின்னுக்கு ஒன்பது ராசியான எண் என்பது ஊரறிந்த கதை. எங்கள் பெரியப்பா அப்போது மளிகைக் கடை வைத்திருந்தார். 90 நோட்டு பதின்மூன்று இருந்தால் 1300இல் 130 போக 1170 என்பார். 45 நோட்டு ஏழு இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று 90, அது 270, மிச்சம் ஒரு 45, மொத்தம் 315. யாரும் அவருக்கு வித்தை சொல்லிக்கொடுக்கவில்லை. எண்ணைக் கைக்கு வசதியாக உடைத்துக்கொண்டார், அதுதான் மனக்கணக்கு.

அப்படி உடைக்க வேண்டுமானால் பத்தாம் வாய்ப்பாடுவரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். இந்த இடத்தில் புதுக்காலப் பெற்றோர் சிலருக்கு என்மேல் கோபம் வரும்: மனப்பாடம் கெடுதல், பிள்ளை புரிந்து படிக்க வேண்டும் என்பார்கள். மனப்பாடம் கெடுதல் இல்லைங்க. எதை மனப்பாடம் செய்வது என்பதில்தான் விஷயம். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்று வாய்ப்பாட்டுப் புத்தகம் வைத்து முழு எண் மட்டுமா சொல்லவைத்தார்கள்? கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான மாகாணி, இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, 320இல் ஒன்றான முந்திரி வரைக்கும் போகும். அளவையும் பணமும் அப்படி இருந்தது, கணக்கும் அப்படி இருந்தது. ரங்கூன் மொகல் தெருச் செட்டியார் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் எடுபிடியாக, வந்து சேர்ந்தவர்கள் வட்டி போட்டது அந்தப் பயிற்சியில். மேடையில் காட்ட யாரும் படிக்கவில்லை, நாளைக்குப் பேரேட்டில் தப்பு வந்தால் திட்டு விழும் என்று படித்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு அன்றாடக் கணக்கு இருக்கிறதே. சந்தையில் வீசைதான். ஒரு வீசை ஏறத்தாழ 1.63 கிலோ, அதில் நூறு பாகம். வீசை 7200 கியாட் என்றால் 35 பாகம் எவ்வளவு? கால் வீசை 1800, பத்துப் பாகம் 720, ஆக 2520. காய் வாங்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப் போய் கடைக்காரர் சொல்வதற்கு முன் நீ சொல்லு என்று விடுங்கள். 25ஆல் பெருக்க நூறால் பெருக்கி நான்கால் வகுக்கலாம் என்பது இந்தக் கால் வீசையிலேயே தானாக வந்துவிடும், 5ஆல் பெருக்குவது பத்தில் பாதி என்பதும் வரும்.

இன்னொன்று, மொழி. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைப் பர்மிய மொழியில்தான் படித்தார்கள். ஆகவே மனசுக்குள் பெருக்குவதும் அதில்தான். தமிழ் வகுப்பில் அதை நிறுத்தி ‘தமிழில் சொல்லு’ என்று அதட்டினால் கணக்கு அறுந்துபோகிறது. தமிழ் வேண்டும், எனக்கும் வேண்டும், ஆறேழு நாற்பத்திரண்டு என்று ராகம் போட்டுச் சொல்லும் சுகம் எனக்கும் தெரியும். அதைத் தனியாகச் சொல்லிக்கொடுப்போம். கணக்கு நடுவில் வேண்டாம்.

அப்புறம் அந்த ஸ்டாப்வாட்ச். அதைப் பார்த்ததும் ஒடுங்கிப்போகிற பிள்ளைகளுக்கு, தெரிந்த எட்டேழும் மறந்துவிடுகிறது. வகுப்பிலிருந்து நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, உங்கள் பணம், உங்கள் பிள்ளை. ஆனால் அடுத்த மாதக் கட்டணம் கட்டும்போது ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: 35ஐ 35ஆல் பெருக்க, மூன்றையும் அதற்கு அடுத்த நான்கையும் பெருக்கிப் பக்கத்தில் 25 போடு என்கிறீர்களே, 36க்கு ஏன் அது வராது? கட்டம் போட்ட தாளில் வரைந்து காட்டி விளக்கினால் அந்த ஆசிரியரை விடாதீர்கள், எனக்கும் முகவரி அனுப்புங்கள். ‘அது மேல் நிலையில் வரும்’ என்று சொன்னால், அந்தப் பணத்துக்குக் கட்டக் காகித நோட்டு ஒரு கட்டு வாங்கி வையுங்கள், மிச்சத்தில் மீன் வாங்கலாம், விலையைப் பிள்ளை சொல்லட்டும்.